அடைவு: நாள்தோறும் முதலில் வந்தமை

கோப்பாய்,
27.01.2025

உதயகலாவுக்கு,

சுகமாக இருக்கிறீரா என்று தொடங்க வெட்கமாக இருக்கிறது. ஆகவே அப்படித் தொடங்கவில்லை.

ஒன்பது தடவை தொலைபேசி எடுத்தேன். முதல் மூன்று தடவை மணி அடித்தது. பிறகு அதுவும் இல்லை. என் இலக்கத்தை நீர் மறித்துவிட்டீர் என்று எங்கள் வீட்டுக்காரிதான் விளங்கப்படுத்தினாள். "உங்களோடை கதைக்க விருப்பமில்லாத ஆக்களுக்கு இப்ப அப்பிடி ஒரு வசதி இருக்கு. எனக்குத்தான் இன்னும் வரேல்லை" என்றாள். ஆகவே தபால். நெல்லியடியில் உம்முடைய அக்கா வீட்டு முகவரியை யாரிடம் எடுத்தேன் என்று கேட்காதையும். ஊரில் எனக்குத் தெரியாத கதை இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன் நான். அந்த நெஞ்சுக்கு வந்த கதியைத்தான் எழுதப் போகிறேன்.

போன வாரம் செவ்வாய் தொடக்கம் 11ஆ வகுப்பில் கஜந்தினி வரவில்லை. அதே வாரம் பள்ளிக்கூடம் கூட்டுகிற உதயகலாவும் வரவில்லை; முழங்கால் நோ என்று அதிபர் சொன்னார். இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்க எனக்கு ஒரு வாரம் எடுத்தது. வெள்ளிக்கிழமை வரவு இடாப்பைத் திறந்து தாயின் பெயர் இருக்கிற கட்டத்தைப் பார்த்தபோது வாங்கில் இருந்துவிட்டேன். ஐந்து வருடமாக அந்தப் பிள்ளைக்கு நான் தமிழ் படிப்பிக்கிறேன். அதே வளவுக்குள் நீர் தும்புத்தடியோடு போய்வருகிறீர். தாயும் மகளும் ஒரு நாளும் நின்று கதைத்ததை நான் காணவில்லை. நீரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் வேறு. அப்படியிருந்தும் தெரியாமல் போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். பரிசளிப்பு விழா மலருக்கு நான் ஆசிரியர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தோம். செயற்பாடுகள், அடைவுகள், எதிர்காலப் பாதை என்று மூன்று கட்டம். எல்லோரும் நிரப்பித் தந்தார்கள். ஒருவன் கரம் போட்டியில் இரண்டாம் சுற்று வரை போனதைக் கூட எழுதியிருந்தான். எதிர்காலப் பாதையில் பதினேழு வைத்தியர். கஜந்தினி பெயரை மட்டும் எழுதி, மூன்று கட்டத்தையும் வெறுமையாகத் தந்திருந்தாள். அச்சகத்துக்காரன் படலையில் நிற்கிறான். நான் பேனையை எடுத்தேன். நீர் பார்த்திருப்பீர்:

"கஜந்தினி. செயற்பாடு: சமுகமளித்தல். அடைவு: நாள்தோறும் முதலில் வந்தமை, இச்சாதனையை முறியடிக்க எவருமில்லை. எதிர்காலப் பாதை: பாடசாலை வாயிற்கதவு."

எழுதிவிட்டு நான் தனியே இருந்து சிரித்தேன். அதை நினைக்கத்தான் இப்போது உடம்பு கூசுகிறது. பிள்ளைக்குக் கோபம் வந்தது நியாயம். மார்ச் நடுவில் சாதாரண தரப் பரீட்சை. என்னை எப்படியும் பேசும், ஆனால் பிள்ளையை அனுப்பும்.

சுபாஸ்கரன்

●

நெல்லியடி,
03.02.2025

மதிப்புக்குரிய சேர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியது பகிடி. பகிடிக்காக ஒருவரும் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடமாட்டார்கள். மகள் அதை வாசித்துவிட்டு, "சேருக்கு வேலை இல்லை" என்று மட்டும்தான் சொன்னவள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டவள், நன்றாக நித்திரை கொண்டவள்.

ஆனால் சாதனையை முறியடிக்க எவருமில்லை என்று நீங்கள் அச்சில் போட்டீர்கள். அதைப் பார்த்துவிட்டு அவளின் வகுப்பு நிருஷனும் ஜெரிசனும் முறியடிக்கிறோம் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை விடிய ஆறு மணிக்கு மதில் ஏறி வந்துவிட்டார்கள். பழைய விஞ்ஞான அறை யன்னலால் பார்த்தார்கள். கண்டதைக் கண்டார்கள். எட்டரைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நான் அடுத்த கட்டடத்தில் தண்ணீர்த் தாங்கி கழுவிக்கொண்டு நின்று கேட்டேன்.

முழங்கால் நோ என்று அதிபர் சேருக்குச் சொன்னது பொய்யில்லை. நோ இருக்கிறது. வாயிற்கதவுப் பூட்டுத் திறப்பை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இனி எழுத வேண்டாம். அக்கா வீட்டில் கேள்வி கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
உதயகலா

●

கோப்பாய்,
09.02.2025

உதயகலாவுக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதினீர். வாய்க்குத்தான் பூட்டில்லை என்று நினைத்திருந்தேன், கைக்கும் இல்லை.

அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தேன். நிருஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சேர், கஜந்தினி கூட்டிக்கொண்டு நிண்டவள். அன்ரி கூட்டேல்லை." ஜெரிசன் "இன்னும் ஒண்டு சேர்" என்று தொடங்கினான். "போதும், விளங்குது" என்று நான் கையைக் காட்டிவிட்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாய்க்கு முழங்கால் ஏலாது. வேலை போய்விடக் கூடாது என்று பிள்ளை ஒருவருக்கும் தெரியாமல் விடிய வந்து தாய்க்குப் பதில் கூட்டுகிறாள். நான் அதைப் போய் அடைவு என்று பகிடி பண்ணியிருக்கிறேன். நெஞ்சு அடைத்தது.

நெஞ்சு அடைத்தால் மற்ற ஆட்கள் ஒரு மூலையில் போய் இருப்பார்கள். நான் ஆசிரியர் அறைக்குப் போனேன். தேத்தண்ணி நேரம். சொல்லிவிட்டேன். நன்றாகச் சொன்னேன் என்பதுதான் இன்னும் கேவலம். சுகிர்தம் ரீச்சர் கண்ணைத் துடைத்தா. எனக்கே என் குரல் பிடித்திருந்தது. இடைவேளைக்குள் கதை ஆறாம் வகுப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் ஒரு நல்ல யோசனையும் வந்தது. பிரியாவிடை நாளில் கஜந்தினிக்கு ஒரு விசேட விருது. கேடயத்தில் "அன்னைக்குத் தோள் கொடுத்த அருந்தவப் புதல்வி" என்று பொறிப்போம். நீரும் மேடைக்கு வர வேண்டும். வாசகம் நானே எழுதுவேன்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் நித்திரை வராது. பத்தாம் வகுப்பில் நாங்கள் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகை நினைவிருக்கிறதா? அதிலும் நான்தான் ஆசிரியர். "எதிர்காலத்தில் யார் என்னவாவார்" என்று ஒரு பக்கம். உமக்கு நேரே, "கணக்கில் முட்டை மேல் முட்டை. கோழிப்பண்ணை" என்று எழுதினேன். நீர் நடந்து போனால் வகுப்பே கொக்கரித்தது. அடுத்த வருடம் நீர் கணக்குச் சோதினை எழுதவில்லை. என்னால்தான் உம்முடைய படிப்பு நின்றது என்று இந்த இரண்டு நாளாக யோசிக்கிறேன். தாய்க்குச் செய்ததையே முப்பது வருடம் கழித்து மகளுக்கும் செய்திருக்கிறேன். பகிடி கூடப் புதிதில்லை.

சுபாஸ்கரன்

●

நெல்லியடி,
16.02.2025

சுபாஸ்கரன்,

சேர் என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை. நீர் என்றே எழுதுகிறேன். வகுப்பில் அப்படித்தானே கதைத்தோம்.

முதலில் கோழி. அந்த வருடம் மார்கழியில் கணக்குச் சோதினை அன்றைக்கு எங்கள் அப்பு ஆசுபத்திரியில். அம்மா ஒருத்தியால் ஏலாது என்று நானும் போனேன். மற்றப் பாடமெல்லாம் எழுதிச் சித்தியடைந்தேன். கணக்கு மட்டும் எழுதவில்லை. பிறகு இடம்பெயர்வு, கலியாணம், கட்டினவர் போய்ச் சேர்ந்தது. இதில் உமக்கு ஒரு இடமும் இல்லை. உம்மை அவ்வளவு பெரிய ஆளாக நினைக்காதையும்.

ஆனால் இப்போதும் கோழிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி நீர் விளங்கிக்கொண்ட கதை. மகள் கூட்டினது உண்மை. அதற்கு நாங்கள் வெட்கப்படவில்லை. கூட்டுகிறது வேலை. வளவுக்குள் என்னோடு கதைக்காதே என்று சட்டம் போட்டதும் நான்தான், அவளில்லை. உமக்கு ஜெரிசன் சொல்ல வந்ததைக் கேட்கப் பொறுமை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர்கள் சிரித்தது மகளைப் பார்த்தல்ல. என்னைப் பார்த்து. நான் கரும்பலகைக்கு முன்னால் சோக்கோடு நின்றேன். மகள் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பேசிக்கொண்டு நின்றாள். "எத்தினை தரமம்மா சொல்லுறது, மற்றப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் எண்டு."

நான் இந்த முறை கணக்குச் சோதினைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். தனிப்பட்ட பரீட்சார்த்தி. நாற்பத்தெட்டு வயதில். இப்போது உமக்குத் தெரியும். போய் ஆசிரியர் அறையில் சொல்லும்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் கூட்டிக்கொண்டே கணக்கைச் சத்தமாகச் சொல்லிப் பாடமாக்குவாள். ஒரு நாள் கேட்டேன், "உந்த எக்ஸ் எண்டது என்ன பிள்ளை?" "தெரியாததுக்கு வைக்கிற பேர்தான் அம்மா" என்றாள். அது எனக்குப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஆறு மணி தொடக்கம் ஆறே முக்கால் வரை அவள் கூட்டுவாள், நான் கரும்பலகையில் செய்வேன். உம்முடைய படிவத்தில் நீர் கேட்ட மூன்று கட்டத்துக்கும் எழுத அவளுக்கு இருந்தது. அம்மாவைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று வெறுமையாக விட்டவள்.

உம்முடைய தேத்தண்ணிக் கதையால் நேற்று அதிபர் தொலைபேசி எடுத்து, மாணவியைக் கொண்டு கூட்டுவித்தீரா என்று கேட்டார்.

இப்போது நான் சோதினைக்குப் போகமாட்டேன் என்கிறேன். இந்த வயதில் ஊர் சிரிக்க ஏலாது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்களோடு ஒரே மண்டபத்தில் இருக்கமாட்டேன் என்று அவளும் சொல்கிறாள். என்னுடைய ஒரு பாடம் போனால் ஒன்றுமில்லை. அவளுடையது ஒன்பது பாடம். அவள் உங்கள் பள்ளிக்கூடத்திலேயே முதல் ஆளாக வரக்கூடியவள். காலையில் மட்டுமில்லை.

கேடயத்தை நீரே வைத்துக்கொள்ளும்.

உதயகலா

●

கோப்பாய்,
25.02.2025

உதயகலாவுக்கு,

உம்முடைய கடிதம் புதன்கிழமை வந்தது. அன்று வீட்டில் நான் ஊர்க்கதை ஒன்றும் எடுக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்காரி கொத்தமல்லி அவித்தாள்.

கடிதத்தில் உள்ளதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இதை நீர் நம்பமாட்டீர், நானே நம்பவில்லை.

அதிபரிடம் போய், அந்தக் கதையை அரைகுறையாகக் கேட்டுவிட்டு முழுதாகப் பரப்பியவன் நான் என்று சொன்னேன். பிள்ளை தாய்க்கு உதவி செய்தாள், அதற்குமேல் ஒன்றுமில்லை என்றேன். உம்முடைய முழங்கால் சுகமாகும் வரை இடத்தை வைத்திருக்கச் சொல்லிக் கேட்டேன். "அதுவரைக்கும் ஆர் கூட்டுறது, நீங்களோ?" என்றார். பகிடிக்குத்தான் கேட்டார். பகிடியை ஒருவர் உண்மையாக எடுத்தால் எப்படியிருக்கும் என்று அவரும் ஒருமுறை பார்க்கட்டும் என்று, "ஓம், திறப்பைத் தாருங்கோ" என்றேன்.

நான்கு நாளாகக் கூட்டுகிறேன். முதல் நாள் காற்றுக்கு எதிராகக் கூட்டி, தூசி முழுவதையும் நானே விழுங்கினேன். வேப்பஞ்சருகு நான் போனபிறகு விழுவதற்கென்றே காத்திருக்கிறது. வீட்டில் ஒருநாளும் தும்புத்தடி தொடாதவன் பள்ளிக்கூடத்தில் கூட்டுகிறான் என்று வீட்டுக்காரி மருதனார்மடம் சந்தை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். அவளும் என்னிடம்தானே பழகியவள்.

பழைய விஞ்ஞான அறைக்கு மூன்றாம் நாள்தான் போனேன். உடைந்த வாங்குகளுக்கு அப்பால் அந்தக் கரும்பலகை. ஒரு கணக்கு அரைவாசியில் நிற்கிறது. இரண்டு கையெழுத்து. ஒன்று மற்றதுக்கு மேல் ஒரு குறியை வட்டம் போட்டுத் திருத்தியிருக்கிறது. அதன் கீழே அடுத்த வரி தொடங்கி, சோக் முறிந்த இடத்தில் நிற்கிறது. நான் துடைக்கவில்லை. மிச்சத்தைச் செய்து பார்ப்போம் என்று நின்றேன். வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். இது எங்கள் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. கணக்கில் உமக்கு முட்டை போட்டுச் சிரித்த சுபாஸ்கரன், சாதாரண தரத்தில் கணக்கை மூன்று தடவை எழுதியவன். முதல் தடவை பள்ளிக்கூடத்தில், தவறிவிட்டது. இரண்டாம் தடவை யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் நின்று ஒருவருக்கும் தெரியாமல் எழுதினேன், அதுவும் தவறியது. மூன்றாம் தடவை S. ஆகக் கீழ்ச் சித்தி; நுனியில் பிடித்துத் தொங்கி ஏறிய S. முப்பது வருடம் அதை ஒளித்து வைத்துக்கொண்டுதான் மற்றவர்களைப் பற்றிப் பகிடி விட்டேன். உம்மைவிட நான் கணக்கில் கெட்டிக்காரன் என்று ஒருநாளும் இருந்ததில்லை. வாயில் மட்டும்தான்.

மலரில் ஒட்ட ஒரு பிழைதிருத்தத் துண்டு அடித்தேன். வகுப்பு வகுப்பாகப் பசையோடு போய் நானே ஒட்டினேன். ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உம்மைப் பற்றியோ நீர் செய்வதைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அது உம்முடைய கதை.

"பிழைதிருத்தம். பக்கம் 47. கஜந்தினியின் பெயரின் கீழுள்ள மூன்று வரிகளும் மாணவி எழுதியவை அல்ல; மலராசிரியர் எழுதியவை. அவை நீக்கப்படுகின்றன. அவ்விடத்தில் மலராசிரியரின் விவரம்: சுபாஸ்கரன். செயற்பாடு: பிறரைப் பற்றிக் கதைத்தல். அடைவு: சாதாரண தரக் கணிதத்தில் மூன்றாம் தடவை S. எதிர்காலப் பாதை: காலை ஆறு மணிக்குக் கூட்டுதல்."

எட்டாம் வகுப்பில் எனக்கு இப்போது "மூன்றாம் தடவை" என்று பெயர். நடந்து போனால் பின்னால் விரலை மடித்து எண்ணுகிறார்கள். அந்தக் கொக்கரிப்பு உமக்கு எப்படியிருந்திருக்கும் என்று கொஞ்சம் விளங்குகிறது. கொஞ்சம்தான்.

பிள்ளையின் அனுமதி அட்டை வந்துவிட்டது. அதிபர் முன்னிலையில் அவள் வந்து கையொப்பம் வைக்க வேண்டும். வேறொன்றும் கேட்கத் தகுதி இல்லை.

சுபாஸ்கரன்

●

நெல்லியடி,
03.03.2025

சுபாஸ்கரன்,

துண்டை மகளிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். சிரிக்கவில்லை. "சேர் இதை உண்மையாவே ஒட்டினவரோ?" என்றாள். உம்மைப் பற்றி எனக்கும் நிச்சயமில்லை. பிறகு கேட்டாள், "அவர் மூண்டு தரம் எழுதினவரெண்டால், நீ ஒரு தரம் எழுதினால் என்னம்மா?"

வியாழக்கிழமை அட்டைக்கு வருவாள். நீர் வாசலில் நிற்க வேண்டாம். மன்னிப்புப் பேச்சும் வேண்டாம். உமக்குப் பேச்சு நன்றாக வரும், அதுதான் பயம்.

உதயகலா

●

கோப்பாய்,
28.03.2025

உதயகலாவுக்கு,

நான் வாசலில் நிற்கவில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்றேன்.

அட்டைக்கு வந்த அன்று அவள் நேரே 11ஆ வகுப்புக்குப் போய், நிருஷனின் மேசையில் கிடந்த மலரை எடுத்து நாற்பத்தேழாம் பக்கத்தை விரித்துப் பார்த்தாள். துண்டு ஒழுங்காக ஒட்டியிருக்கிறதோ என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தாள். நிருஷனும் ஜெரிசனும் எழும்பி நின்றார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. இதை என் வாழ்க்கையில் ஒரு அடைவாகப் போட ஆசைதான். மலர் அடித்து முடிந்துவிட்டது.

திரும்பிப் போகும்போது தாங்கியடியில் என்னைக் கண்டுவிட்டாள். தும்புத்தடியோடு நின்றேன். என்னையும் பார்த்தாள், நிலத்தையும் பார்த்தாள்.

"மூலையெல்லாம் விட்டிருக்கிறியள் சேர்."

அவ்வளவுதான். போய்விட்டாள். நான் திரும்பிப் போய் மூலைகளைக் கூட்டினேன்.

ஒன்பது பாடமும் எழுதி முடித்தாள். உம்முடைய நிலையம் எங்கே, கணக்குத் தாள் எப்படி என்று கேட்கமாட்டேன். இந்த இரண்டு மாதத்தில் நான் படித்தது அது ஒன்றுதான். அதையும் இங்கே எழுதிப் பாதி கெடுத்துவிட்டேன்.

சுபாஸ்கரன்

●

நெல்லியடி,
13.07.2025

சுபாஸ்கரன்,

பெறுபேறு வந்தது உமக்குத் தெரிந்திருக்கும். மகளுக்கு எட்டு ஏ, ஒரு பி. அந்த பி தமிழுக்கு. நீர் படிப்பித்த பாடம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என்னுடையதை அவள்தான் தொலைபேசியில் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அதிலேயே தெரிந்துவிட்டது. W, சித்தியில்லை. இரண்டாம் தாளில் பின்னக் கணக்கோடு நேரம் போய்விட்டது. கடைசி இரண்டு கேள்வியும் தொடவில்லை. மண்டபத்தில் முழுக்க என் மகள் வயதுப் பிள்ளைகள். கண்காணிக்க வந்த ரீச்சர், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தாய் என்று நினைத்து என்னை வெளியே நிற்கச் சொன்னவா. அட்டையைக் காட்ட வேண்டி வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உமக்கு இதைச் சொல்லக் கூடாது என்றுதான் மூன்று மாதமாக எழுதாமல் இருந்தேன்.

வெட்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் நெல்லியடியிலேயே உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கப் போகிறாள். அக்கா வீட்டில் நிற்பாள். நான் கோப்பாய்க்கு வருகிறேன். முழங்கால் இப்போது பரவாயில்லை.

உம்முடைய பழைய படிவத்தை அவள் இப்போது நிரப்பித் தந்திருக்கிறாள். மலருக்கில்லை, உமக்கு. நான் திருத்தவில்லை, அப்படியே கீழே எழுதுகிறேன்.

செயற்பாடு: கூட்டுதல், கணிதம் படிப்பித்தல்.
அடைவு: ஒரு மாணவி. இன்னும் சித்தியடையவில்லை.
எதிர்காலப் பாதை: கணிதப் பிரிவு. மாணவியை மூன்றாம் தடவைச் சேரிடம் ஒப்படைத்தல்.

ஒப்படைத்தலாம். நீர் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை, உம்மாலும் ஏலாது. கதவைத் திறந்துவிட்டு, கூட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். குறி மாறாவிட்டால் மட்டும் சொல்லும். அதற்காவது அந்தப் பாடத்தை ஒருமுறை பார்த்து வையும்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை ஆறு மணிக்கு வருகிறேன். பழைய விஞ்ஞான அறைக் கரும்பலகையைத் துடைக்காதையும். மிச்சம் இரண்டு வரி இருக்கிறது, இப்போது எனக்கு அது தெரியும்.

அப்பு ஆசுபத்திரியில் இருந்தபோது எழுதாமல் விட்டதைச் சேர்க்கக் கூடாது என்று மகள் சொல்கிறாள். அப்படியென்றால், உம்முடைய துண்டின்படி, எனக்கு இன்னும் இரண்டு தடவை இருக்கிறது.

உதயகலா